ஸ்கோர்போர்டை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டிய விளையாட்டுப் படங்கள்

தமிழில் விளையாட்டுப் படங்களுக்குக் குறைவில்லை. 'வெண்ணிலா கபடி குழு', 'இறுதிச்சுற்று', 'கனா', 'சார்பட்டா பரம்பரை', 'லப்பர் பந்து' என்று சொல்லிக்கொண்டே போகலாம். சாதி, பணம், வீட்டில் எதிர்ப்பு, தேர்வுக்குழுவின் உள்குத்து என்று எத்தனையோ தடைகள் அந்தக் கதைகளில் வரும். ஆனாலும் ஊர் நம்முடையது. 'இறுதிச்சுற்று' மதிக்கு வடசென்னையில் எந்தச் சந்து எங்கே போய் முடியும் என்று தெரியும். யாரிடம் எந்தக் குரலில் பேசினால் காரியம் நடக்கும் என்றும் தெரியும்.

இங்கே பேசப்போகும் படங்களில் வரும் பிள்ளைகளுக்கு அதுதான் தெரியாது. சாப்பாட்டுக் கடையில் என்ன கேட்பது என்பதிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடும். 2008இல் வந்த 'சுகர்' என்ற அமெரிக்கப் படத்தில், டொமினிக்கன் குடியரசிலிருந்து பேஸ்பால் ஆட வந்த மிகேல் என்ற இளைஞன் கடைக்குப் போகும்போதெல்லாம் 'ஃப்ரெஞ்ச் டோஸ்ட்' என்றே சொல்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே பண்டத்தின் பெயர் அது. முட்டை சாப்பிட ஆசை. ஆனால் முட்டையை எப்படிப் போட வேண்டும் என்று பரிமாறும் பெண் கேட்டால் பதில் சொல்ல ஆங்கிலம் இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணே முட்டையை விதவிதமாகச் செய்து தட்டில் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லித் தருகிறாள். பந்தும் மட்டையும் தலைகாட்டாத காட்சி. இந்த வகைப் படம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வரையறை வேண்டுமென்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம். பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இருக்கும் ஒருவர் நாடு மாறுகிறார். சிலர் ஆடுவதற்காகவே போகிறார்கள். சிலர் போருக்குத் தப்பியோ பிழைப்புத் தேடியோ பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போன இடத்தில் ஆட்டம் கிடைக்கிறது. இன்னும் சிலர் அங்கேயே பிறந்தவர்கள். வீட்டுக்குள் ஒரு நாடு, வாசலைத் தாண்டினால் இன்னொரு நாடு. யாராக இருந்தாலும் கதை சுற்றிவருவது ஒரே கேள்வியைத்தான்: புது இடம் இவரைச் சேர்த்துக்கொள்ளுமா, அதற்காக இவர் எதையெல்லாம் விட வேண்டியிருக்கும்? இறுதிப் போட்டியும் கோப்பையும் அந்தக் கேள்வியை இழுத்துப்போகும் சாக்கு.

இதற்கு ஏன் சினிமாக்காரர்கள் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்? புதிதாக வந்தவரை ஊர் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பதை அலுவலகத்திலோ வகுப்பறையிலோ படம்பிடிப்பது கஷ்டம். அங்கே எல்லாரும் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள். மைதானத்தில் ஒரே ஷாட் போதும். புதுப் பையன் இடது ஓரத்தில் யாரும் மறிக்காத இடத்தில் நிற்கிறான், கையைத் தூக்குகிறான், பந்து அவனுக்கு வரவில்லை. வசனமே வேண்டாம். படம் முடியப்போகும் நேரத்தில் அதே ஓரத்துக்குப் பந்து வரும்போது தியேட்டரில் விசில் பறக்கும். அப்புறம், திறமையைக் காட்ட மொழி தேவையில்லை. நேரு ஸ்டேடியத்தில் ஓடினாலும் பெர்லினில் ஓடினாலும் 100 மீட்டர் 100 மீட்டர்தான். கடிகாரத்தில் விழுந்த நேரத்தைப் பார்த்து உச்சரிப்பு சரியில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

படத்தின் முதல் பாதி நம்மை இப்படித்தான் நம்பவைக்கும். ஓடுவதற்கு முன்னால் பெயர் கொடுக்க வேண்டும், பெயர் கொடுக்கக் காகிதம் வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் வரும்.

காகிதம்

கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு யான்னிஸ் அடெட்டோகூன்போவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய பெற்றோர் நைஜீரியாவிலிருந்து கிரீஸுக்குப் பிழைக்கப் போனவர்கள்; மூத்த மகனை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். யான்னிஸ் 1994இல் ஏதென்ஸில் பிறந்தார். கிரீஸில் பிறந்துவிட்டால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடாது. நைஜீரியக் காகிதமும் கையில் இல்லை. பதினெட்டு வயது வரை எந்த நாட்டுக்காரர் என்றும் சொல்லிக்கொள்ள முடியாமல் வளர்ந்தார். குடும்பமே தெருவில் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்றது. அண்ணன் தனாசிஸும் அவரும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு ஆடினார்கள். இந்தக் குடும்பத்தின் கதைதான் 2022இல் வந்த 'ரைஸ்'. யான்னிஸாகவும் தனாசிஸாகவும் நடித்தவர்கள் நிஜத்திலும் அண்ணன் தம்பி.

கூடைப்பந்துக் காட்சிகள் அதில் சுமார்தான். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே அந்த வீடு பதறுவதுதான் மனதில் நிற்கிறது. 2013 மே மாதம் யான்னிஸுக்குக் குடியுரிமை வந்தது. ஜூன் மாதம் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் ஆட்டக்காரர் தேர்வில் மில்வாக்கி பக்ஸ் அணி அவரை 15ஆவது ஆளாக எடுத்தது. நடுவே சில வாரங்கள் மட்டுமே. 2021இல் அதே அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தது 50 புள்ளிகள்.

இவ்வளவு உயரமும் இவ்வளவு திறமையும் இல்லாத பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்தக் குடியுரிமை வந்திருக்குமா? படம் இதைக் கேட்காமல் நழுவிவிடுகிறது. பார்க்கிற நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சென்னையில் இருப்பவர்கள் இதற்காக ஏதென்ஸ் வரை போகவும் வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், மாவட்டப் போட்டியில் ஓடுகிற பிள்ளைக்குக்கூட இந்தியக் குடியுரிமை பெரும்பாலும் இருக்காது. இந்திய அணியில் ஆட இந்தியப் பாஸ்போர்ட் கட்டாயம் என்பது 2008 முதல் மத்திய அரசின் விதி. எந்தக் கோச் எவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்தாலும் அந்த இடத்தில் ஓட்டம் நின்றுபோகும்.

சதுரங்கம் ஆடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம் 2019இல் வந்த பிரெஞ்சுப் படமான 'ஃபாஹிம்'. டாக்காவைச் சேர்ந்த ஃபாஹிம் முகமது 2008இல் எட்டு வயதில், அம்மாவை ஊரில் விட்டுவிட்டு அப்பாவோடு பிரான்ஸுக்கு வந்தவர். அப்பாவுக்குத் தஞ்சம் மறுக்கப்பட்டு, தங்க இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்த காலத்திலேயே 2012இல் 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பிரான்ஸின் சாம்பியன் ஆனார். சாம்பியன் பையனையே நாட்டைவிட்டு அனுப்பப் போகிறீர்களா என்ற கேள்வி பிரதமர் வரை போன பிறகுதான் விசா விஷயம் நகர்ந்தது. படத்தில் கோச்சாக வருபவர் ஜெரார் தெபார்தியூ. எரிந்து விழும் வாத்தியார், ஆனால் தங்க மனசு என்ற பாத்திரத்தை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். இருந்தாலும் அப்பாவும் மகனும் வரும் பகுதிகளுக்காகப் பார்க்கலாம். பையனுக்குப் பிரெஞ்சு சட்டென்று ஒட்டிக்கொள்கிறது, அப்பாவுக்கு ஒட்டவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுக்குப் பெரியவர் யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

கால்பந்தில் இந்தக் காகிதச் சிக்கலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்திருந்தால் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது ஆனவர்களுக்கும், எல்லையோரம் வசிப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆப்பிரிக்கச் சிறுவர்களை 'பெரிய கிளப்பில் சேர்த்துவிடுகிறேன்' என்று ஆசைகாட்டி அழைத்துப்போய் ஐரோப்பிய நகரங்களில் நடுத்தெருவில் விட்டுவிடும் ஏஜென்டுகளுக்குக் கடிவாளம் போடத்தான் இந்தக் கெடுபிடி. விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனாவுக்கே புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை விழுந்தது. 'கோல்!' (2005) படத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஆவணமில்லாமல் வாழும் மெக்சிகோ இளைஞன் ஒருவன் முன்னாள் ஆட்டக்காரர் கண்ணில் பட்டு நியூகாசில் யுனைடெட் வரைக்கும் போய்விடுகிறான். ஜாலியாகப் பார்க்கலாம், நம்பிவிடக் கூடாது.

ஆட்டத்துக்காக விசா வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், விசாவுக்காக ஆட்டம் கற்றவர்கள் கதை தெரியுமா? 2004இல் இலங்கையின் ஹேண்ட்பால் தேசிய அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜெர்மனிக்குப் போனார்கள். ஆடிய ஆட்டங்களில் படுதோல்வி. பிறகு ஒரு நாள் மொத்தப் பேரும் மாயம். விசாரித்தால், இலங்கையில் அப்படி ஒரு தேசிய அணியே கிடையாது. இதை வைத்து இத்தாலியரான உபெர்தோ பசோலினி 2008இல் எடுத்த படத்தின் பெயர் 'மச்சான்'. ஊக்கம் தரும் விளையாட்டுப் படம் என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு சீருடைக்கு எல்லைச் சாவடியில் எவ்வளவு மதிப்பு என்பதை இந்தப் படம் சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிடுகிறது.

யாருடைய கதை?

இந்த வகைப் படத்தில் நல்லதையும் சுமாரானதையும் பிரிக்க நான் பார்ப்பது இதைத்தான்: கேமரா யார் தோளுக்குப் பின்னால் நிற்கிறது? வந்த பிள்ளைக்குப் பின்னாலா, வரவேற்ற பெரிய மனிதருக்குப் பின்னாலா?

'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) நமக்கு நெருக்கமான படம், இசை ஏ.ஆர். ரஹ்மான். உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் வீரர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் ஒரு டி.வி. போட்டியில் வென்று, பேஸ்பாலைத் தொட்டே பார்க்காத நிலையில் அமெரிக்கா போய், அதே ஆண்டுக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் அமைப்பில் ஒப்பந்தம் வாங்கினார்கள். எப்பேர்ப்பட்ட கதை! ஆனால் படம் அவர்களைக் கூட்டிப்போன ஏஜென்டைப் பற்றியது. பையன்கள் வந்ததால் அவர் நல்லவராக மாறுகிறார், குடும்பஸ்தன் ஆகிறார். ராத்திரியில் அந்தப் பெரிய வீட்டில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்குக் கடைசிவரை சரியாகத் தெரிவதில்லை. ரிங்கு பின்னாளில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் வீர் மகான் என்ற பெயரில் இறங்கினார். எனக்கென்னவோ அதையும் சேர்த்து ரிங்கு பக்கத்திலிருந்து யாராவது ஒரு படம் எடுக்க வேண்டும்.

'மெக்ஃபார்லண்ட் யு.எஸ்.ஏ.' (2015) படத்திலும் வெள்ளைக்கார கோச்தான் நடுநாயகம், கெவின் காஸ்ட்னர். ஆனால் இயக்குநர் நிக்கி காரோ விஷயத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறார். 1987, கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி விவசாயக் கூலிகள் வாழும் சிற்றூர். இங்கே புதிதாக வந்தவர் கோச்தான். குடும்பத்தோடு கடைக்குப் போய் பர்கர் கேட்கிறார். அந்தக் கடையில் பர்கரே கிடையாது. பையன்கள் விடியற்காலையில் வயலில் வேலை செய்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். அவர்களோடு ஒரு நாள் வயலில் குனிந்து நின்ற பிறகுதான் பயிற்சி நேரத்தை எப்படி வைக்க வேண்டும் என்று அவருக்குப் புரிகிறது. நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் அந்தப் பள்ளி அந்த ஆண்டு மாநில சாம்பியன் ஆனது நிஜம்.

வீட்டுக்குள்ளே ஒரு நாடு

2002இல் குரிந்தர் சாதா எடுத்த 'பெண்ட் இட் லைக் பெக்காம்' இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்த படம். மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோ, பஞ்சாபி சீக்கியக் குடும்பம், கால்பந்து ஆடத் துடிக்கும் ஜெஸ். காலில் இருக்கும் தீக்காயத் தழும்பை நினைத்து அரைக்கால் சட்டை போடவே தயங்குகிறாள். அக்கா கல்யாணமும் இறுதிப் போட்டியும் ஒரே நாளில் வந்து நிற்பது கொஞ்சம் சினிமாத்தனம்தான்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் உண்மையாகவே நாடு மாறியவர் ஜெஸ் இல்லை, அவளுடைய அப்பா. அனுபம் கேர் நடித்தது. நைரோபியில் நல்ல பந்துவீச்சாளராக இருந்தவர். இங்கிலாந்துக்கு வந்ததும் கிரிக்கெட் கிளப்பில் தலைப்பாகையைக் கிண்டல் செய்து விரட்டிவிட்டார்கள். அதோடு பந்தைத் தொடவில்லை. மகளை 'போகாதே' என்று அவர் தடுப்பதில் 'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஆட்டம்' என்பதைவிட, 'எனக்கு நடந்தது உனக்கும் நடக்கக் கூடாது' என்பதுதான் அதிகம். நம் வீடுகளில் விளையாட்டு என்றால் 'ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஐ.சி.எஃப்.பிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்குமா' என்று கணக்குப் போடுவார்கள். புலம்பெயர்ந்த வீட்டில் அந்தக் கணக்கு கல்லூரி உதவித்தொகையில் போய் நிற்கும். ஜெஸ்ஸும் கடைசியில் கலிஃபோர்னியாவுக்குப் போவது அப்படித்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டுப் படங்கள். நமக்குப் பக்கத்திலேயே, மலையாளத்தில், சக்கரியா இயக்கி 2018இல் வந்தது 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. மலப்புரத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்துக்கு வெறிபிடித்த கூட்டம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்குக் கூட்டிவருவார்கள். அப்படி வந்த நைஜீரியாக்காரர் சாமுவேல். ஊரில் எல்லாரும் அவரை 'சுடானி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் திருத்திச் சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு நாள் வழுக்கி விழுந்து அடிபட்டுப் படுக்கையில் விழுகிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாமல் அணி மேனேஜர் மஜீத் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போகிறார்.

அதன் பிறகு ஆட்டமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கட்டிலில் ஒரு பெரிய உருவம், அதைச் சுற்றி இரண்டு வயதான அம்மாக்கள். மஜீதின் அம்மா ஜமீலாவும் பக்கத்து வீட்டு பீயும்மாவும். சாமுவேலுக்கு மலையாளம் தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்கு மலையாளத்திலேயே பேசிக்கொண்டு அவருக்கு ஊட்டுகிறார்கள், விசாரிக்கிறார்கள். இந்தக் கவனிப்பு மஜீதைத்தான் சங்கடப்படுத்துகிறது. மாற்றாந்தகப்பனிடம் முகம் கொடுத்துப் பேசாத ஆள் அவர். வந்தவரை வீடு தாங்குவதும், வந்தவரால் வீட்டில் ஒரு பழைய விரிசல் மூடுவதும் சத்தமில்லாமல் சேர்ந்தே நடக்கின்றன. நடுவில் பாஸ்போர்ட் தொலைந்துபோகிறது, ஊரில் பாட்டி இறந்த செய்தி வருகிறது, புறப்பட முடியவில்லை. காகிதம் இங்கேயும் விடுவதில்லை. மலையாளத்தில் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. இந்த வகையில் ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

45 பேரில் 41ஆவது

சிரியாவிலிருந்து 2015இல் தப்பிய அக்கா தங்கை சாராவும் யுஸ்ரா மார்தினியும் நீச்சல்காரர்கள். துருக்கியிலிருந்து கிரீஸின் லெஸ்போஸ் தீவுக்குப் போகும் வழியில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய ரப்பர் படகின் என்ஜின் நின்றுவிட்டது. சகோதரிகள் கடலில் குதித்தார்கள்; படகு கரை சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு வருடத்துக்குள் யுஸ்ரா ரியோ ஒலிம்பிக்கில், முதல்முறையாக அமைக்கப்பட்ட 10 பேர் கொண்ட அகதிகள் அணியில் நின்றார். சாலி எல் ஹொசைனி இயக்கிய 'தி ஸ்விம்மர்ஸ்' (2022) சொல்வது இதைத்தான். நடித்தவர்களும் நிஜ அக்கா தங்கை.

படம் ரியோவில் யுஸ்ரா 100 மீட்டர் பட்டர்ஃப்ளை தகுதிச் சுற்றில் முதலாவதாகத் தொடுவதை வெற்றியாகக் காட்டுகிறது. அது உண்மைதான், தகுதிச் சுற்றில் தன்னோடு நீந்திய குழுவில் அவர் முதலிடம். ஆனால் அந்தப் பிரிவில் மொத்தம் நீந்திய 45 பேரில் அவர் 41ஆவது. இதைப் படம் கொஞ்சம் மழுப்பிவிட்டது என்று எனக்கு ஒரு குறை. 41ஆவது இடத்தை அப்படியே காட்டியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. அகதி என்பதற்காகப் பரிதாபப்பட்டுக் கொடுக்கும் இடம் எனக்கு வேண்டாம் என்று யுஸ்ரா முதலில் தயங்குவதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் படத்துக்கு முதுகெலும்பே இருந்திருக்காது. அக்கா சாராவின் வழி வேறு. அகதிகளை மீட்க உதவ லெஸ்போஸுக்கே திரும்பிப் போனவர், அதற்காக 2018இல் கைதாகிச் சிறையில் இருந்தார். அகதிகள் அணிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது 2024இல், பாரிஸில். 11 வயதில் கேமரூனிலிருந்து பிரிட்டனுக்கு வந்த சிண்டி எங்காம்பா குத்துச்சண்டையில் வாங்கிய வெண்கலம்.

'சுகர்' இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. அமெரிக்கப் பெரிய பேஸ்பால் அணிகள் டொமினிக்கன் குடியரசில் பயிற்சிக் கூடங்கள் வைத்துப் பையன்களைத் தயார்செய்கின்றன. அவர்களில் உச்சிக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? படத்தின் பாதியிலேயே மிகேலுக்கு ஆட்டம் கைவிட்டுப் போகிறது. அணியை விட்டுவிட்டு பஸ் ஏறி நியூயார்க் போய் வேலை தேடுகிறான். அவனைப் போலவே வந்து, அவனைப் போலவே கழற்றிவிடப்பட்டவர்கள் அங்கே பூங்காவில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 'ஊக்கம் தரும் படம்' என்ற அலமாரியில் இதை வைக்கலாமா என்றால், நான் வைப்பேன். தோற்ற பிறகும் அந்த ஊரில் வாழ்ந்தாக வேண்டும் என்பது இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் நிலை.

எதிலிருந்து தொடங்கலாம்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 2010இல் வந்த 'தி கராத்தே கிட்'. அம்மாவுக்கு கார் தொழிற்சாலை வேலையில் மாற்றலாகி, 12 வயதுப் பையன் டெட்ராய்டிலிருந்து பெய்ஜிங் போகிறான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியக் கம்பெனிக் குடும்பங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. (தலைப்பில் கராத்தே, படத்தில் ஜாக்கி சான் சொல்லிக்கொடுப்பது குங்ஃபூ. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.) பதின்வயதுக்காரர்களுக்கு 'பெண்ட் இட் லைக் பெக்காம்', அடுத்து 'ரைஸ்'. 'தி ஸ்விம்மர்ஸ்' படத்தில் படகுக் காட்சி நீளம், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேண்டாம். 'சுகர்' பெரியவர்களுக்கு, அவசரமில்லாத ஒரு ராத்திரியில். 'சுடானி' எல்லாருக்கும். மலையாளம் நமக்குப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் உட்காராதீர்கள். மலப்புரத்துப் பேச்சு வேகமானது. சப்டைட்டில் போட்டுக்கொண்டு பாருங்கள்.